வார்டு வேட்பாளர்கள் ‘நேருக்கு நேர்’ நிகழ்ச்சி: 5க்கு மூணரை, அரை மார்க் வடைக்கு

ஞாயித்துக்கிழமை சாயங்காலம், 2022 பிப்ரவரி 13, எங்க ஏரியா குடியிருப்போர் நலச்சங்கம் நடத்தின ‘வேட்பாளர்களுடன் நேருக்கு நேர்’ நிகழ்ச்சிக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். ஹோட்டலுக்கு ரிவ்யூ போடறோம், மிக்ஸிக்குப் போடறோம், ஆன்லைன்ல வாங்கின செருப்புக்குக் கூட நாலு போட்டோவோட போடறோம், இதுக்கு ஏன் போடக்கூடாதுன்னு தோணுச்சு, அதான். வர்ற சனிக்கிழமை 19ந்தேதி மாநகராட்சித் தேர்தல் ஓட்டு, அதுக்குள்ள உங்க பக்கம் இதே மாதிரி எதாவது நடந்தா போலாமா இல்ல வீட்டுலயே டிவி பாக்கலாமான்னு முடிவு பண்ண உதவும்.

வார்டு நம்பர் சொல்ல மாட்டேன், சொன்னா எங்க செகரட்டரி சார் ராத்திரியே போன் பண்ணுவாரு. தெக்குச் சென்னைன்னு வெச்சுக்கோங்க, 2011ல மாநகராட்சியோட சேத்தாங்களே 42 உள்ளாட்சி, அதுல ஒண்ணு. அதாவது கவர்ல சென்னைன்னு அட்ரஸ் மாறி பத்து வருஷம் ஆயிடுச்சு, பாதாளச் சாக்கடை மட்டும் இன்னும் தெருமுனைல தோண்டிப் போட்ட பள்ளமாவே நிக்குது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், ரொம்பினா லாரிக்காரருக்குப் போன். போன நவம்பர் மழைல எங்க வாசல்ல முழங்கால் தண்ணி. இதுக்கு மேல கண்டுபிடிக்கறவங்க கண்டுபிடிச்சுக்கோங்க.

முதல்ல இடம். கல்யாண மண்டபத்தோட டைனிங் ஹால், மாடில. கீழ ஒரு ரிசப்ஷன் நடக்கப் போகுது, அதுக்கு வந்த லைட் மியூசிக் குரூப் எங்க தலைக்குக் கீழயே நின்னு ‘செக்... செக்... மைக் செக்’னு ஒரு மணி நேரம் பண்ணாங்க. மேல வேட்பாளர் ‘நான் ஜெயிச்சு வந்தா’ன்னு ஆரம்பிக்கறப்பல்லாம் கீழருந்து ‘செக்’னு வரும், ஜனங்க சிரிச்சிடுவாங்க, பாவம் அவங்களுக்கு எதுக்குச் சிரிக்கறோம்னே புரியல. லிஃப்ட் கிடையாது, முட்டி வலி இருக்கறவங்க யோசிச்சுட்டுப் போங்க, எங்கம்மா ரெண்டு லேண்டிங்ல நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் ஏறுனாங்க. சேரெல்லாம் அந்த சிவப்பு பிளாஸ்டிக் சேர், ஒரு எண்பது தொண்ணூறு இருக்கும், மாஸ்க் போடச் சொல்லி வாசல்லயே ஒரு பையனை நிறுத்தியிருந்தாங்க, சானிடைசரும் வெச்சிருந்தாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல.

நேரம்: நோட்டீஸ்ல 5 மணி, ஆரம்பிச்சது 5.50. அஞ்சு மணிக்கு கரெக்டா வந்தது நானும் அம்மாவும் அப்புறம் ஒரு சுயேச்சை வேட்பாளரும், அவங்களே சேர் தூக்கிப் போட்டுட்டு இருந்தாங்க.

வடையப் பத்தி தனியா சொல்லணும். மெதுவடையும் டீயும். இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய அரசியலே நடந்திருக்கு. ஒரு வேட்பாளர் தரப்புல ‘டிபன் செலவு நாங்க பாத்துக்கறோம் சார்’னு சொல்லியிருக்காங்க, சங்கத்துல அதை ஒத்துக்கக் கூடாதுன்னு ஒரு குரூப், ஒரு வடைல என்னய்யா ஓட்டு விழுந்துடப் போகுதுன்னு இன்னொரு குரூப், கடைசில வீட்டுக்கு நூறு ரூபா கலெக்ட் பண்ணி சங்கமே போட்டுருச்சு. சூடா இருந்துச்சு, உள்ள மிளகு தெரிஞ்சு போட்டிருந்தாங்க, சட்னி மட்டும் தண்ணி. நூறு ரூபாய்க்கு வொர்த்.

சரி மேட்டருக்கு வரேன். எங்க வார்டு ‘பெண்கள் பொது’. மொத்தம் இருக்கற 200 வார்டுல சரிபாதி 100 பெண்களுக்குன்னு ஒதுக்கியிருக்கறதுல இதுவும் ஒண்ணு. பேலட்ல 9 பேர், வரேன்னு சொன்னவங்க 7, வந்து உக்காந்தவங்க 5. கட்சிப் பேர் போடல, போட்டா கீழ சண்டைதான் நடக்கும், ரிவ்யூ யாரும் படிக்க மாட்டீங்க.

நடத்தினவர் ஒரு ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர், இந்த நிகழ்ச்சிக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கணும்னா அது அவருக்கு மட்டும்தான். ஒரு பதிலுக்கு ரெண்டு நிமிஷம், முடிஞ்சதும் மணி அடிப்பாரு. மணின்னா வீட்டுலருந்து கொண்டு வந்த பூஜை மணி. முதல் தடவை அடிச்சதும் முன் வரிசைல ரெண்டு பாட்டிங்க கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, சத்தியமா. அதுக்கப்புறம் அவருக்கே சங்கடமாப் போயி லேசா அடிக்க ஆரம்பிச்சாரு, அப்ப யாருக்கும் காது கேக்கல, மறுபடி பலமா அடிச்சாரு.

முதல் சம்பவம் ஆளுங்கட்சி வேட்பாளரோடது. சின்ன வயசு, முப்பது முப்பத்திரண்டு இருக்கும், கூடவே வீட்டுக்காரர், பின்னாடி ஒரு பதினஞ்சு பேர். அவங்களப் பேசக் கூப்பிட்டா மைக்கை வீட்டுக்காரர் வாங்கறாரு. ‘அன்பார்ந்த பெரியோர்களே’ன்னு ஆரம்பிச்சுட்டாரு, ஹெச்எம் சார் எந்திரிச்சு ரொம்ப மரியாதையா, ‘தம்பி, நான் காலைல வேட்பாளர் பட்டியல் பாத்தேன், அதுல உங்க பேர் இல்லையே’ன்னாரு. ஹால் முழுக்க கைத்தட்டல். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஆனா மைக்கைக் குடுத்துட்டாரு. எல்லாரும் இவங்க ஒண்ணும் பேச மாட்டாங்கன்னு நெனச்சோம், நானும்தான். அந்தப் பொண்ணு மைக்கை வாங்கி, மொத அரை நிமிஷம் குரல் நடுங்குச்சு, அப்புறம் எந்தெந்த தெருவுல குப்பை வண்டி எத்தன மணிக்கு வருது, எந்தத் தெருவுல வர்றதே இல்ல, காலி மனைல யார் கொட்டறாங்கன்னு வரிசையா சொல்லுச்சு பாருங்க. ஓட்டு கேட்டு வீடு வீடாப் போனப்ப ஒரு நோட்ல எழுதி வெச்சிருக்கு, நாற்பது பக்க ஸ்கூல் நோட்டு. வீட்டுக்காரரே வாயப் பொளந்து பாத்துட்டு இருந்தாரு.

பிரதான எதிர்க்கட்சி சார்பா வந்தவங்க பழைய கவுன்சிலர், 2011ல ஜெயிச்சு 2016 வரைக்கும் இருந்தவங்க. 2011க்கு அப்புறம் இப்பத்தான் மாநகராட்சித் தேர்தலே நடக்குது, 2016ல அறிவிச்சு கோர்ட்டு ரத்து பண்ணிடுச்சு, நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல அதிகாரிங்க ஆட்சிதான். அதனால வார்டு ஆபீஸ் எப்படி ஓடும்னு தெரிஞ்ச ஒரே ஆளு அந்த மேடைல இவங்கதான். என் பக்கத்து சேர்ல உக்காந்திருந்த தம்பிக்கு 26 வயசு, ‘அண்ணே கவுன்சிலர்னா எம்எல்ஏவுக்கு அசிஸ்டண்டா?’ன்னு என்கிட்ட கேட்டான், கிண்டலா இல்ல, நெஜமா. ஓட்டுப் போடற வயசு வந்ததுலருந்து அவன் மாநகராட்சித் தேர்தலையே பாத்ததில்லையே, எப்படித் தெரியும்.

இன்னொருத்தங்க தேசியக் கட்சி, எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரு மத்திய அரசுத் திட்டத்தோட பேர்லருந்து ஆரம்பிச்சு, மணி அடிக்கறதுக்குள்ள நம்ம தெருவுக்கு வந்து சேர முடியாமப் போச்சு. ஒரு சின்ன கட்சி வேட்பாளர், நல்ல தமிழ், நல்ல குரல், மாநில உரிமை, ஆத்து மணல்னு பேசினது கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, தெருநாய்க்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டதுக்கு ‘அதிகாரம் நம்ம கைக்கு வந்தா எல்லாம் மாறும்’னாங்க. அஞ்சாவது அந்த சேர் தூக்கிப் போட்ட சுயேச்சை, டியூஷன் எடுக்கறவங்க. லேப்டாப்ல படம் படமாப் போட்டுக் காட்டறதுக்குத் தயார் பண்ணிட்டு வந்திருக்காங்க, மண்டபத்து புரொஜெக்டர் நீலக் கலர்ல ஒரு கட்டத்தக் காமிச்சிட்டு அதோட நின்னுருச்சு.

கேள்வி எடுத்த முறை பத்தி எனக்குப் புகார் இருக்கு. எல்லாரும் சீட்டுல எழுதி ஒரு எவர்சில்வர் குண்டான்ல போடணும், ஒரு சின்னப் பொண்ணு எடுத்துக் குடுக்கும், ஹெச்எம் சார் படிப்பாரு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா முதல் ஏழு சீட்டுல மூணு ஒரே தெருவோட ஸ்பீட் பிரேக்கர் பத்தி. அது யாரு குடியிருக்கற தெருன்னு எல்லாருக்கும் தெரியும். நான் வேற ஒண்ணும் சொல்லல.

இதை விடப் பெரிய பிரச்சனை, பாதிக் கேள்வி கவுன்சிலர்கிட்ட கேக்கற கேள்வியே இல்ல. குடிதண்ணி, பாதாளச் சாக்கடைன்னா மெட்ரோ வாட்டர், அது தனி வாரியம். கரண்ட் கட் மின்வாரியம். ரேஷன் அரிசில புழு, ஸ்டேஷன்ல கம்ப்ளெயிண்ட் வாங்கலன்னு எல்லாம் குண்டான்லருந்து வந்துச்சு. மாநகராட்சி கைல இருக்கறது தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், உள்தெரு ரோடு, பார்க், கொசு மருந்து, மாநகராட்சி ஸ்கூல், சுடுகாடு, இந்த மாதிரி. பழைய கவுன்சிலரும் அந்த சுயேச்சையும் மட்டும்தான் ‘இது எங்க கைல இல்ல, ஆனா போயி நின்னு கேக்கலாம்’னு நேர்மையா சொன்னாங்க, மத்தவங்க எல்லாத்துக்கும் ‘செஞ்சு தரோம்’. ஒருத்தங்க மேம்பாலமே கட்டித் தரேன்னுட்டாங்க. அப்ப பின் வரிசைலருந்து ஒரு ரிட்டையர்ட் பிடபிள்யூடி இன்ஜினியர் எந்திரிச்சு, கவுன்சிலரோட வார்டு மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு எவ்வளவுன்னு தெரியுமாம்மான்னு கேட்டாரு. பழைய கவுன்சிலர் டக்குனு ‘30 லட்சம்’னாங்க. அவர் நிகழ்ச்சி நோட்டீஸோட பின்பக்கத்துலயே கூட்டிப் பாத்துட்டு, இங்க இதுவரைக்கும் சொன்னதெல்லாம் செய்யணும்னா எத்தன ஜென்மம் வேணும்னு கணக்கு சொல்லிட்டு உக்காந்தாரு. அதுக்கப்புறம் ஒரு கால் மணி நேரம் வாக்குறுதி எல்லாம் கொஞ்சம் அடக்கமா வந்துச்சு.

நல்லா சிரிச்ச இடம் செலவுக் கேள்வி. சென்னைல ஒரு வார்டு வேட்பாளர் அதிகபட்சம் 90,000 ரூபாதான் செலவு பண்ணலாம், நீங்க இதுவரைக்கும் எவ்வளவு பண்ணியிருக்கீங்கன்னு ஒரு சீட்டு. அஞ்சு பேரும் ‘லிமிட்டுக்குள்ளதான்’னாங்க. ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தவங்க எல்லாம் ஒரே நேரத்துல திரும்பிக் கீழ பாத்தாங்க, மண்டபத்து வாசல்லருந்து தெருமுனை வரைக்கும் கொடி கட்டின ஆட்டோ. யாருமே ஒண்ணும் சொல்லல. சுயேச்சை மட்டும் ஒரு பேப்பரை எடுத்து, டெபாசிட் 4,000, நோட்டீஸ், ஆட்டோ வாடகைன்னு பைசா சுத்தமாப் படிச்சாங்க, மொத்தம் முப்பதாயிரத்தைத் தாண்டல. கைத்தட்டல் அவங்களுக்குத்தான் அதிகம். ஓட்டு விழுமான்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு விழாது, பக்கத்துல ஒரு அங்கிள் கைத்தட்டிக்கிட்டே ‘நல்ல பொண்ணு, ஜெயிக்காது’ன்னாரு. நாம இப்படிச் சொல்லிச் சொல்லியே தோக்கடிக்கறோமோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, ஆனா நானும் முடிவு பண்ணல, பாப்போம்.

அடுத்தது எங்கம்மா. போஸ்ட் ஆபீஸ்ல முப்பத்து நாலு வருஷம் கவுண்டர்ல உக்காந்தவங்க, எங்க போனாலும் கேக்க வேண்டியதைத் துண்டுச் சீட்டுல எழுதிட்டுத்தான் போவாங்க, டாக்டர்கிட்டப் போனாலும் அப்படித்தான். கரண்ட் பில்லோட பின்பக்கத்துல ரெண்டு கேள்வி எழுதி கண்ணாடிக் கூட்டுக்குள்ள மடிச்சு வெச்சிருந்தாங்க. குண்டான்ல போட மாட்டேன்னுட்டாங்க, ‘எடுப்பாங்களோ மாட்டாங்களோ, நான் நேராவே கேக்கறேன்’னு. கடைசி கால் மணி நேரம் நேரடிக் கேள்வி, அம்மா கை தூக்கினாங்க.

‘மூணு வருஷம் முன்னாடி எங்க தெருவுல மழைத்தண்ணி போறதுக்குக் கால்வா கட்டினாங்க. இந்தப் பக்கம் ஆரம்பிக்குது, அது எனக்குத் தெரியும், எங்க வீட்டு வாசல். அது எங்க போயி முடியுது?’

அவ்வளவுதான் கேள்வி. அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. தேசியக் கட்சி ‘ஸ்மார்ட் சிட்டி’ன்னு ஆரம்பிச்சாங்க, அம்மா ‘இல்லம்மா, எங்க தெரு கால்வா’ன்னாங்க. சின்ன கட்சி, ஏரியெல்லாம் ஆக்கிரமிச்சதால வந்த வினைன்னாங்க, அது உண்மைதான், ஆனா எங்க முடியுதுங்கறதுக்கு அது பதில் இல்ல. சுயேச்சை, நம்ம ஏரியா தண்ணி மொத்தமும் கடைசில பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகணும், அங்கருந்து ஒக்கியம் மடுவு, அங்கருந்து பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் கடல்னு அழகா சொன்னாங்க, எனக்கே புதுசா இருந்துச்சு. அம்மா விடல, ‘அது போக வேண்டிய இடம். இது போற இடம் எது?’. பழைய கவுன்சிலர், ஏரியோட உபரி நீர்க் கால்வாயில சேத்திருப்பாங்கம்மா, அதுதான் பிளான்னாங்க. கடைசில அந்த ஆளுங்கட்சிப் பொண்ணு நோட்டைப் புரட்டி, ‘அம்மா, உங்க தெரு கடைசி வீட்டுல ஒரு அண்ணா சொன்னாரு, அவர் காம்பவுண்டு கிட்ட செவுரு மாதிரி அடைச்சு விட்டுருக்காங்கன்னு. அது எங்கயுமே போகல போலருக்கு. நான் மழைல போயிப் பாக்கல, அவர் சொன்னதைத்தான் எழுதி வெச்சிருக்கேன்’னு சொல்லுச்சு.

ஹால் கொஞ்ச நேரம் அமைதி. கீழருந்து ‘செக்’.

ஒண்ணரை கிலோமீட்டருக்கு ஒரு கால்வா, பக்கத்துல மூணு வருஷமா குடியிருக்கோம், தினமும் அது மேல ஸ்கூட்டர் நிறுத்தறோம், அது எங்க முடியுதுன்னு எங்க தெருவுல யாரும் நடந்து போயிப் பாக்கல, நான் உட்பட. அம்மா உடனே ரெண்டாவது கேள்விக்குப் பேப்பரைத் திருப்புனாங்க, ஹெச்எம் சார் மணி அடிச்சுட்டாரு. ‘ஒரு ஆளுக்கு ஒரு கேள்விம்மா, மன்னிக்கணும்’. அம்மா கவர்மென்ட்ல வேலை பாத்தவங்க, ரூல்னா உக்காந்துடுவாங்க. பேப்பர் திரும்ப கண்ணாடிக் கூட்டுக்குள்ள போயிடுச்சு.

முடிவுல 20 ரூபா பத்திரத்துல வாக்குறுதி எல்லாம் எழுதி அஞ்சு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கினாங்க. இதுக்கு நான் மார்க் குறைக்கறேன். கோர்ட்டுல செல்லாது, அது எல்லாருக்கும் தெரியும், போட்டோவுக்கு நல்லாருக்கும், அந்த இருபது நிமிஷத்தை இன்னும் பத்துக் கேள்விக்குக் குடுத்திருக்கலாம். ஆளுங்கட்சிக் குரூப் அப்பவே கிளம்பிடுச்சு, வீட்டுக்காரர் வாட்சைக் காமிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு, அந்தப் பொண்ணு படி இறங்கறப்ப ஓடி வந்து அம்மாகிட்ட ‘தெரு பேரு மறுபடி சொல்லுங்கம்மா’ன்னு நோட்ல எழுதிக்கிட்டுப் போச்சு. நடிப்பா இருக்கலாம். நல்லா இருந்துச்சு.

போகலாமான்னு கேட்டா, போங்க, ஆனா யாரு ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்கோ, யாருக்குப் போடறதுன்னு ஒரே நாள்ல முடிவு பண்றதுக்கோ போகாதீங்க. அதோட போறதுக்கு முன்னாடி மாநிலத் தேர்தல் ஆணையம் சைட்டுல அவங்கவங்க சொத்து, கேஸ் விவரம் உறுதிமொழிப் பத்திரத்துல இருக்கும், அதைப் பாத்துட்டுப் போங்க, நான் பாக்காமப் போயிட்டு வந்து பாத்தேன், ரெண்டு நல்ல கேள்வி கைநழுவிப் போச்சு. மேயர் யாருன்னு இவங்ககிட்டக் கேட்டு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, 2011 மாதிரி மேயருக்குத் தனி ஓட்டு இந்தத் தடவை இல்ல, கவுன்சிலருங்கதான் தேர்ந்தெடுப்பாங்க. சீக்கிரம் போனா ஃபேன் கீழ இடம் கிடைக்கும்.

அப்டேட், 2022 ஏப்ரல் முதல் வாரம்: நிறைய பேர் ரிசல்ட் கேட்டுட்டே இருக்கீங்க. யாரு ஜெயிச்சாங்கன்னு சொன்னா வார்டு தெரிஞ்சுடும், விடுங்க. சுயேச்சைக்கு டெபாசிட் போச்சு, அது மட்டும் சொல்றேன், அங்கிள் சொன்னது பலிச்சிருச்சு. சென்னைல மொத்தமா 44 சதவீதம் கூட ஓட்டு பதிவாகல, அன்னிக்கு வடை சாப்பிட்டவங்க எல்லாம் போட்டாங்களான்னு எனக்கு சந்தேகமாத்தான் இருக்கு.

கால்வா அப்படியேதான் இருக்கு. நானும் பக்கத்து சேர் தம்பியும் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கடைசி வரைக்கும் நடந்து போயிப் பாத்தோம், அந்தப் பொண்ணு நோட்டுல இருந்தது சரி, ஒரு வேப்ப மரத்தடில செங்கல் வெச்சு அடைச்சிருக்கு, அதுக்கு மேல ஒருத்தர் இஸ்திரி வண்டி போட்டிருக்காரு. போட்டோ எடுத்து மாநகராட்சி ஆப்ல போட்டிருக்கோம், நம்பர் வந்திருக்கு.

இன்னொரு விஷயம், இதுக்காகத்தான் அப்டேட்டே. ரெண்டு நாள் முன்னாடி சொத்து வரி ஏத்தி அறிவிச்சாங்கல்ல. பழைய சென்னைக்கு 50லருந்து 150 சதவீதம் வரைக்கும், எங்கள மாதிரி 2011ல சேந்த ஏரியாவுக்கு 600 சதுர அடி வரைக்கும் 25, அதுக்கு மேல 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதையும் தாண்டினா 100. எங்க வீட்டுக்கு 50 சதவீதம். மத்திய நிதிக்குழு வரியைத் திருத்தச் சொல்லியிருக்குன்னு முன்னாடிலருந்தே பேசிட்டுத்தான் இருந்தாங்க, ஆனா அன்னிக்கு ரெண்டு மணி நேரத்துல ஒரு வேட்பாளரும் இதைப் பத்தி வாயத் திறக்கல, ஸ்பீட் பிரேக்கருக்கு மூணு சீட்டு வந்த குண்டான்லருந்து இதுக்கு ஒரு சீட்டும் வரல. நான் வீட்டுல பேப்பரைப் படிச்சுட்டு ‘யாருக்கும்மா தோணுச்சு இதெல்லாம் கேக்கணும்னு’ன்னு புலம்பிட்டு இருந்தேன். அம்மா பேசாம கண்ணாடிக் கூட்டைத் திறந்து அந்தக் கரண்ட் பில்லை எடுத்து டீப்பாய் மேல வெச்சாங்க. ரெண்டாவது கேள்வி: ‘ஜெயிச்சு வந்தா வீட்டு வரி ஏத்துவீங்களா, எவ்வளவு?’

கரண்ட் பில்லை வாங்கித் தூக்கிப் போடப் போனேன், குடுக்கல. மறுபடி மடிச்சு அதே கூட்டுக்குள்ள வெச்சுட்டாங்க.